கரிசலில் முளைத்த ஹாக்கி

கோவில்பட்டி என்றதும் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால், ஹாக்கி மட்டையையும் சேர்த்துக்கொள்வார்கள்.

கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் காலைக் கவ்விக்கொள்ளும் மண் இது. பந்து சீராக உருள இடம் தராத இந்தக் கரிசலில் ஹாக்கி வேரூன்றியது சாதாரண விஷயம் அல்ல. ஊரில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடின. பிறகு செயற்கைப் புல்தரை வந்தது. அதில் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே பந்து சரியாக ஓடும். குடிநீருக்குக் குடங்கள் வரிசைகட்டிய வானம் பார்த்த பூமியில் அந்தத் தண்ணீரின் அருமை தனி.

அரசு விளையாட்டு விடுதியும் அங்கே இருக்கிறது. அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர் கார்த்தி செல்வம். 2022 மே 23, ஜகார்த்தா, ஆசியக் கோப்பை. பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, 9ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். கோவில்பட்டியின் சொந்தப் பிள்ளை மாரீஸ்வரன் சக்திவேலும் அதே அணியில் இருந்தார். இந்தியா வெண்கலம் வென்றது.

2023 ஆகஸ்டில், சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் ஜப்பானை இந்தியா 5-0 என்று வீழ்த்தியபோது, கடைசி கோல் கார்த்தியுடையது.

இந்த ஊரின் பள்ளி மைதானங்களில் மட்டை பிடிக்கும் பிள்ளைகளுக்கு அரசும் ஆலைகளும் இன்னும் தாராளமாகக் கைகொடுக்க வேண்டும்.