பச்சை குத்திய கைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன். பெயர் வேண்டாம். சாதாரண தரம் முடித்ததும் தெற்குப் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலுக்கு வேலைக்குப் போனான். 19 வயதில், கூட வேலை செய்தவர்களோடு சேர்ந்து, வலது முழங்கைக்குக் கீழே ஒரு பாய்மரக் கப்பலை டாட்டூ குத்திக்கொண்டான். இப்போது அவனுக்கு 26. தொழுகிறான், குடும்பத்தைப் பார்க்கிறான், எந்த வெயிலிலும் நீட்டுக் கைச் சட்டை இல்லாமல் வெளியே வருவதில்லை.

நோன்புக்கு முந்தி அவனுடைய வாப்பா மௌத்தானார். ஜனாஸாவை கபுறுக்குள் வாங்குவதற்கு மகன் என்ற முறையில் இறங்கப் போனவன், மண் படாமல் இருக்கச் சட்டைக் கையை மடித்தான். பக்கத்தில் நின்ற ஒருவர் கப்பலைக் கண்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. பையன் கையை இறக்கிவிட்டுப் பின்னால் போய் நின்றான். அவனுடைய சாச்சாதான் இறங்கினார்.

இரண்டு கிழமை கழித்து என் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி குடித்து முடியும்வரை பேசவில்லை. "வாப்பாட கபுறுக்குள்ள எறங்க ஏலாமப் பெய்த்து சேர்" என்றான். அவ்வளவுதான்.

நான் மௌலவி இல்லை. வரலாறு படிப்பிக்கிறவன். பச்சை குத்துவது மார்க்கத்தில் தடை என்பதில் எனக்கும் மறுபேச்சில்லை, அவனுக்கும் இல்லை. ஆனால் அந்தக் கப்பல் எங்கிருந்து புறப்பட்டு அவன் கையில் வந்து நின்றது என்று தேடிப் பார்க்க ஆசை வந்தது. தேடியதில் கிடைத்தவைதான் கீழே.

பச்சை குத்துவது மனிதனின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் ஒரு மனித உடல் கிடைத்தது. சுமார் 5300 வருடப் பழமை. அந்த உடம்பில் 61 பச்சைக் குறிகள். எல்லாம் வெறும் கோடுகளும் சிலுவைக் குறிகளும்தான். பல குறிகள் முதுகின் அடிப்பகுதி, முழங்கால், கணுக்கால் பக்கம் இருக்கின்றன. அந்த மூட்டுகள் தேய்ந்திருந்ததால், அது அழகுக்காக அல்ல, வலிக்கு வைத்தியமாகக் குத்தியது என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். ஏறக்குறைய அதே காலத்து எகிப்திய ஆண் ஒருவரின் உடல் லண்டன் அருங்காட்சியகத்தில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. அவருடைய மேற்கையில் ஒரு காட்டு மாடும் ஒரு காட்டு ஆடும் குத்தியிருப்பதை 2018இல்தான் அகச்சிவப்புக் கெமராவில் கண்டுபிடித்தார்கள். இத்தனை வருடமும் அதை வெறும் கறுப்புக் கறை என்றே நினைத்திருந்தார்கள்.

'டாட்டூ' என்ற சொல்லுக்கு வருவோம். அது ஆங்கிலச் சொல் அல்ல. பசிபிக் தீவுகளின் சொல். சமோவாவிலும் டஹிட்டியிலும் 'டட்டாவ்' என்பார்கள். சமோவாவில் ஓர் ஆண் இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்திக்கொள்வது வழக்கம். பன்றிக் கொம்பில் செய்த சீப்பு மாதிரி ஒரு கருவி. அதைக் கைபிடியில் கட்டி, கரி மையில் தோய்த்து, தோலில் வைத்து, சின்னத் தடியால் தட்டித் தட்டி இறக்குவார்கள். பல நாள் எடுக்கும். வலி தாங்காமல் பாதியில் எழும்பிப் போனவனுக்கு ஆயுளுக்கும் வெட்கம், அவன் குடும்பத்துக்கும் வெட்கம். குத்துகிற வேலை பரம்பரையாகச் சில குடும்பங்களுக்கே உரியது. கூலியாக நுணுக்கமாகப் பின்னிய பாய்கள் கொடுப்பார்கள்.

1769இல் கப்டன் குக்கின் 'எண்டெவர்' கப்பல் டஹிட்டிக்குப் போனது. பாடத்தில் குக்கின் பயணங்கள் வரும், இந்தச் சங்கதி வராது. அந்தக் கப்பலில் வந்த சிட்னி பார்க்கின்சன் என்ற இளம் ஓவியரும் இன்னும் சிலரும் தீவு மக்களிடம் கையை நீட்டிக் குத்திக்கொண்டார்கள். அந்தச் சொல் அப்படித்தான் கப்பல் ஏறியது. மாலுமிகள் துறைமுகங்களில் நங்கூரம், பறவை, பாய்மரக் கப்பல் என்று குத்திக்கொண்டார்கள். கேப் ஹோர்ன் முனையைச் சுற்றி வந்தவனுக்குத்தான் முழுப் பாய் விரித்த கப்பல் என்பது அவர்களுக்குள் ஒரு வழக்கு. இதைச் சொன்னபோது பையன் சிரித்தான். அவன் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லையாம்.

நியூசிலாந்தின் மாவோரிகளுடைய கதை அவ்வளவு இலேசானதல்ல. அவர்கள் முகத்தில் உளி போன்ற கருவியால் வெட்டியே குத்துவார்கள். ஒவ்வொரு முகத்தின் கோலமும் வேறு. அது அந்த மனிதனின் வம்சம், பதவி, கைநாட்டு எல்லாமே. 1840இல் வைதாங்கி உடன்படிக்கையில் சில தலைவர்கள் தங்கள் முகக் கோலத்தின் ஒரு பகுதியை வரைந்தே ஒப்பமிட்டார்கள். ஆனால் அதற்கு முந்தியே வெள்ளையருக்கு அந்த முகங்களின்மேல் வேறு ஆசை வந்துவிட்டது. மாவோரிகள் இறந்தவர்களின் தலையைப் பதப்படுத்தி மரியாதையாக வைத்திருப்பார்கள். வியாபாரிகள் அதைக் கேட்டார்கள், விலையாகத் துவக்குக் கொடுத்தார்கள். துவக்கு இல்லாத கூட்டம் அழியும் காலம் அது. கேட்பவர்கள் கூடியதும், விற்பதற்கென்றே அடிமைகளின் முகத்தில் குத்தித் தலையை எடுக்கும் அளவுக்குப் போனது. 1831இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் அந்த வியாபாரத்தைத் தடைசெய்தார். வாங்கிய தலைகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருந்தன. திருப்பிக் கொடுப்பதற்கென்று பிரான்ஸ் 2010இல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. ரூவான் நகரத்திலிருந்த தலை அடுத்த வருடம் வீடு போய்ச் சேர்ந்தது. நூற்று முப்பது வருடத்துக்கு மேல் அருங்காட்சியகத்துக்குள் இருந்தது யாரோ ஒருவருடைய வாப்பா.

இப்போது கடைகளில் காண்கிற டாட்டூவுக்கு வயது குறைவு. 1891இல் நியூயோர்க்கில் சாமுவேல் ஓ'ரைலி என்பவர் மின்சாரக் குத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். அது எடிசன் பிரதி எடுப்பதற்காகச் செய்த மின்சாரப் பேனாவை மாற்றியமைத்தது. கடிதத்துக்குச் செய்த கருவி தோலுக்கு வந்துவிட்டது. நாட்கணக்கில் எடுத்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது, விலையும் இறங்கியது. துறைமுகக் கடைச் சுவர்களில் மாதிரிப் படங்களை ஒட்டி வைத்தார்கள். இலக்கத்தைச் சொன்னால் போதும். பையனும் அப்படித்தான், ஓர் அல்பத்தில் விரலை வைத்துக் கப்பலைக் காட்டியிருக்கிறான்.

ஜப்பானை ஒரு வேடிக்கைக்காகச் சொல்கிறேன். அங்கே 18ஆம் நூற்றாண்டில் களவெடுத்தவனின் கையிலும் சில ஊர்களில் நெற்றியிலும் அரசே பச்சை குத்தியது. அதே காலத்தில் மரச்செதுக்குப் படங்களைப் பார்த்து முதுகு முழுக்கக் குத்தும் பெரிய கலையும் அங்கே வளர்ந்தது. 1872இல் நாகரிகமில்லை என்று சொல்லி அரசு தடைபோட்டது. தடை இருந்த 1881இல்தான் பின்னால் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான பிரித்தானிய இளவரசர் அங்கே போய்க் கையில் டிராகன் குத்திக்கொண்டு வந்தார். சட்டம் உள்ளூர்க்காரனுக்குத்தான். தடை 1948இல் போனது, பார்வை போகவில்லை. 2013இல் மாவோரிப் பெண் ஒருவரை, நாடியிலிருந்த பாரம்பரியக் குறிக்காக, ஹொக்கைடோவில் ஒரு பொதுக் குளியலகத்தில் விடவில்லை.

நம்மை ஆண்டவர்களும் குத்தினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1849 வரை கிழக்கிந்தியக் கம்பனி ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி, மொரீஷியசுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலில் அனுப்பியது. அந்தக் கைதிகள் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டுவார்களாம். இதை வாசித்தபோது எனக்கு நீட்டுக் கைச் சட்டைதான் ஞாபகம் வந்தது.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது, பலருக்கு நினைவிருக்கும். 2014இல் கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியத் தாதி ஒருவரைக் கட்டுநாயக்காவில் கைதுசெய்து நாடுகடத்தினார்கள். அவரே பௌத்தத்தைப் பின்பற்றுகிறவர். 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து, 8 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பால் கொண்டுவரும் பாட்டி ஒருவர் இருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சைப் புள்ளிகளும் கோலமும். நாங்கள் விரலால் தடவிப் பார்ப்போம். "சாகும்போது எங்கூட வர்றது இது ஒண்ணுதான் தம்பி" என்பார். தமிழகத்தில் குறவர் பெண்கள் இந்த வேலையைச் செய்த விதத்தை எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, அந்தப் புகைக்கரியைத் தாய்ப்பாலில் குழைத்து ஊசியால் குத்துவார்களாம். கரி கறுப்பு. தோலுக்கு அடியில் போனதும் நீலமும் பச்சையுமாகத் தெரியும். அதனால்தான் நம் மொழியில் அது பச்சை. பாட்டியின் கையைப் பார்த்து ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதை நான் கேட்டதில்லை.

இனி நம்முடைய வரலாறு. அறியாமைக் கால அரபுகளிடம் பச்சை குத்துவது சாதாரணம். அந்தக் காலப் பெருங்கவிஞர் தரஃபா, கூட்டம் பெயர்ந்து போன இடத்தில் மிஞ்சிய தடங்களுக்குப் புறங்கையில் தேய்ந்த பச்சையைத்தான் உவமை சொல்கிறார். பின்னர் நபி (ஸல்) அவர்கள் குத்துகிறவளையும் குத்திக்கொள்கிறவளையும் சபித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது, அதில் பேச்சில்லை.

ஆனால் அந்தத் தடை வந்த நாளில், ஏற்கனவே குத்தியிருந்த கைகள் என்ன ஆயின? பச்சை அழியாதே.

அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்களை நமக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே இஸ்லாத்துக்கு வந்தவர். கணவர் ஜஃபர் (ரழி) அவர்களோடு அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போனவர். முஃதாப் போரில் ஜஃபர் ஷஹீதான பிறகு அபூபக்ர் (ரழி) அவர்களை மணந்தார். பின்னர் அலீ (ரழி) அவர்களை. அபூபக்ர் (ரழி) கடைசி நோயில் படுத்திருந்தபோது கைஸ் பின் அபீ ஹாஸிம் தன் தகப்பனாரோடு பார்க்கப் போனார். பக்கத்தில் ஒரு பெண் இருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார், அவருடைய இரு கைகளிலும் பச்சை குத்தியிருந்தது என்று அவர் அறிவிக்கிறார். அந்தப் பெண்தான் அஸ்மா (ரழி). இமாம் தபரி இதைப் பற்றி, தடை வருவதற்கு முன் குத்தியது அப்படியே கையில் தங்கியிருக்க வேண்டும், தடைக்குப் பிறகு அவர் செய்திருப்பார் என்று நினைக்க இடமில்லை என்கிறார். இப்னு ஹஜர் (ரஹ்) அதை ஃபத்ஹுல் பாரியில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

கலீஃபா ஹிஜ்ரி 13இல் மௌத்தானார்கள். அவர்களுடைய வஸிய்யத்தின்படி ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர் அதே அஸ்மா (ரழி) அவர்கள்தான். முவத்தாவில் இருக்கிறது. அந்தக் கைகளால்தான்.

இதைக் கண்டதும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அவர் குத்தியது தடைக்கு முன், பையன் குத்தியது தடையைத் தெரிந்த பின், இரண்டும் ஒன்றல்ல என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். அவனுக்குத்தான் தௌபா இருக்கிறது. அதைக் கேட்டுக்கொள்வது அவனும் அவனைப் படைத்தவனும். பச்சையை எடுக்காமல் தொழலாமா என்றும் சிலர் அவனிடம் கேட்டிருக்கிறார்கள். அகற்றினால் உடம்புக்குத் தீங்கு வரும் என்றால் விட்டுவிடலாம் என்பது பழைய ஷாஃபிஈ நூல்களிலேயே இருக்கிற பேச்சு. மிச்சத்தை நமது மௌலவிமாரிடம் கேளுங்கள். நானும் அவர்களிடம்தான் கேட்டேன்.

அல்ஜீரியாவின் ஓரஸ் மலைகளிலும் மொரோக்கோவிலும் நெற்றி, நாடி, கை எல்லாம் பச்சை குத்திய மூதாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஐந்து நேரமும் தொழுகிற முஸ்லிம் பெண்கள். சின்ன வயதில், ஊர் ஊராக வரும் குத்துகாரிகளிடம் தாய்மார் கூட்டிப்போய்க் குத்தியது. பள்ளிக்கூடமும் மார்க்க அறிவும் ஊருக்கு வந்த பிறகு, அதாவது அவர்கள் வளர்ந்து பிள்ளை பெற்ற பிறகுதான், அது தடை என்று கேள்விப்பட்டார்கள். வெள்ளி நகைகளைத் தர்மம் கொடுத்துப் பரிகாரம் தேடியவர்கள் உண்டு. முகத்தில் இருப்பதை எந்தச் சட்டைக் கையால் மறைப்பது? பேரப்பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் முத்தமிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. இந்தப் பதிவைப் போட முந்தி அவனுக்கு அனுப்பினேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, கப்பல் என்பதையும் எடுத்துவிட்டு வேறு ஏதாவது படம் என்று மாற்றவா என்று கேட்டேன். இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது.

"கப்பலென்டே போடுங்க சேர். தெரிஞ்சவங்களுக்குத் தெரியட்டும்."