கெர்னல் மாறிய வரலாறு

சொந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் வீடு மாறுவதில் பழகியவர்கள். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றே பழைய வீட்டுச் சாவியை யாரும் திருப்பிக் கொடுத்துவிடுவதில்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று நான்கு நாள் பார்த்த பின்னரே பழைய வீட்டை ஒழிக்கிறோம். கணிப்பொறி உலகிலும் இதே முன்யோசனை ஒரு முறையாக நிலைபெற்றிருக்கிறது. அது நிலைபெற்ற வரலாற்றை இன்று சிறிது காண்போம்.

கணிப்பொறியின் நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை முதலிய உறுப்புக்களைத் தன் ஆணைக்குள் வைத்து, மற்ற நிரல்களுக்கு அவற்றைப் பகிர்ந்தளிக்கும் மூல நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அதனைப் பருப்பு என்று எழுதினால், நேயர்கள் அடுப்பங்கரையை நினைத்துக் கொள்ளக்கூடும். ஆகவே கெர்னல் என்றே வழங்குவோம்.

1991-ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் தமக்கென ஒரு கெர்னலை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த முதற்பதிப்பு சுமார் 10,000 வரிகளே கொண்டது. 1994 மார்ச்சில் 1.0 என்னும் பதிப்பு வந்தபோது அது 1,76,000 வரிகளைத் தாண்டியிருந்தது. லினக்ஸ் என்று உலகம் அறிந்த கெர்னல் இதுவே. சென்னையில் சீ-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் என்னும் நம் நாட்டு இயக்க முறைமையும் இதனையே அடிப்படையாகக் கொண்டது.

தொடக்க நாட்களில் கெர்னலை நெகிழ்வட்டு ஒன்றில் எழுதிவைத்து, அதனைச் செருகிக் கணிப்பொறியைத் தொடங்குவது வழக்கம். கெர்னலை மாற்றுவதென்றால் வட்டை மாற்றுவதுதான். பிறகு வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் என்பவர் ஆக்கிய லிலோ என்னும் தொடக்க நிரல் பரவியது. ஒரே கணிப்பொறியில் இரண்டு மூன்று கெர்னல்களை வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுக்க அது வழிசெய்தது. ஆனால் அதில் ஓர் இடர் இருந்தது. கெர்னல் வட்டின் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்பதை லிலோ முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். புதுக் கெர்னலை நிறுவியவர் லிலோவை மறுபடி ஓட்ட மறந்தாரானால், அது பழைய முகவரிக்கே சென்று தேடும், கணிப்பொறி எழாது. 1995-இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் இக்குறையை நீக்கியது. அது வட்டிலுள்ள கோப்புக்களைத் தானே படித்தறியும் ஆற்றல் பெற்றது.

இன்றைய முறை யாதெனில், ஒவ்வொரு கெர்னலும் தன் பதிப்பெண்ணையே தன் கோப்பின் பெயரில் தாங்கி நிற்கிறது. அதற்குரிய துணை நிரல்களும் அவ்வெண்ணிட்ட தனி அடைவில் வைக்கப்படுகின்றன. ஆதலால் புதியது வரும்போது பழையது அழிவதில்லை. இரண்டும் அருகருகே இருக்கின்றன. கணிப்பொறி தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் எதனை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். ஃபெடோரா போன்ற சில தொகுப்புக்கள் வழக்கமாக மூன்று கெர்னல்களை வைத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்ட பழையவற்றைத் தாமே நீக்கிவிடுகின்றன.

இம்முறையின் அருமையை நாம் ஒருமுறை இழந்தே அறிந்தோம். கெர்னல்கள் தங்கும் சிறிய வட்டுப் பகுதி நிரம்பிவிட்டதென்று நம் கணிப்பொறி அறிவித்தது. புதியதைத்தான் நிறுவியாயிற்றே என்று பழையவை அனைத்தையும் நீக்கினோம். நிறுவினோமே ஒழிய, அதனை ஒருமுறையேனும் தொடங்கிப் பார்க்கவில்லை. மறுநாட் காலை திரை இருண்டே கிடந்தது. திரும்பிச் செல்லப் பழையது ஒன்றும் இல்லை. மாலைக்குள் ஒப்படைக்க வேண்டிய மொழிபெயர்ப்பு உள்ளே அகப்பட்டுக் கொண்டது. நண்பர் ஒருவர் வேறொரு வட்டு கொணர்ந்து கணிப்பொறியை எழுப்புமுன் பொழுது சாய்ந்துவிட்டது. பிழை கெர்னலுடையதாயினும், திரும்பும் வழியை அடைத்தவர் நாமே.

அப்படியானால் பழையதையே பற்றிக்கொண்டிருக்கலாமா? அதுவும் ஆகாது. 2016 அக்டோபரில் டர்ட்டி கவ் என்னும் பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் நிர்வாகியின் அதிகாரத்தையே கைப்பற்ற அது இடமளித்தது. அக்குறை 2007 முதலே கெர்னலுக்குள் மறைந்திருந்தது என்பதுதான் வியப்பு. திருத்திய கெர்னல் உடனே வந்தது. ஆனால் அதனை நிறுவியும் கணிப்பொறியை மறுபடி தொடங்காதவர்களுக்குப் பயனில்லை. நினைவகத்தில் பழையதே ஓடிக்கொண்டிருந்தது. நிறுவுதல் வேறு, மாறுதல் வேறு. எது ஓடுகிறது என்பதை யூநேம் என்னும் கட்டளையால் கணிப்பொறியையே கேட்டறியலாம்.

பழையதை விடுவதற்கும் ஒரு காலம் உண்டு. 1991-இல் டோர்வால்ட்ஸ் தம் கெர்னலை எழுதியது இன்டெல் 386 என்னும் செயலி கொண்ட கணிப்பொறிக்காக. 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8-ஆம் பதிப்போடு அச்செயலிக்கான ஆதரவே கைவிடப்பட்டது. பிறந்த வீட்டையே கெர்னல் விட்டு நீங்கியது. ஆயினும் ஏறக்குறைய 22 ஆண்டுகள் கழித்தே நீங்கியது.

ஆகவே நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டிய வரிசை எளிது. புதியதை முதலில் நிறுவுக. அதனைத் தொடங்கி, சில நாள் பழகிப் பார்க்க. அதன் பின்னரே பழையவற்றை நீக்குக. அப்போதும் நன்றாக ஓடிய பழையது ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் நலம். வீடு மாறிய அனுபவமுள்ள நம்மவர்க்கு இது புதிய பாடமன்று.