சைலன்சர் பூட்டினால் புகை யாருக்கு?

சத்தத்தை வைத்தே எது ரி-56, எது பிகே என்று சொல்லப் பழகிய தலைமுறை எங்களுடையது. அதனால், படங்களில் சைலன்சர் பூட்டிய துப்பாக்கி 'டுப்' என்று மட்டும் சுடும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

1909இல் ஹிரம் பெர்சி மக்சிம் காப்புரிமை பெற்ற இந்தக் கருவி சத்தத்தை இல்லாமல் செய்வதில்லை. குழல்வாயில் பீறிடும் வாயுவைத் தடுத்து மெதுவாக வெளியே விடுகிறது. பொதுவாக 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். ஒலியைவிட வேகமாகப் போகும் சன்னம் காற்றைக் கிழிக்கும் சத்தம் அப்படியே கேட்கும்.

தடுக்கப்பட்ட வாயுவில் ஒரு பங்கு பின்னால் திரும்பி, சுடுபவரின் முகத்துக்கே வருகிறது. அடுத்த ரவையை ஏற்றுவதற்கும் துப்பாக்கி அதே வாயுவைத்தான் பயன்படுத்துகிறது. அது மூன்று முறைகளில் நடக்கிறது.

எம்-16, எம்-4 ரகங்களில் மெல்லிய குழாய் வாயுவை நேரே துப்பாக்கியின் உட்பகுதிக்குக் கொண்டுவரும். பாரம் குறைவு. ஆனால் கரியும் சூடும் உள்ளேயே சேரும். சைலன்சர் பூட்டினால் இன்னும் அதிகம்.

ஏகே-47, அதன் சீன வடிவமான ரி-56 ஆகியவற்றில் நீண்ட பிஸ்டன், பின்னால் ஓடும் பாகத்தோடு ஒன்றாகவே ஓடும். அழுக்கைத் தாங்கும். ஆனால் வாயு கூடும்போது பாகங்கள் வேகமாக மோதித் தேயும்.

எச்கே416இல் குறுகிய பிஸ்டன் ஒருமுறை தள்ளிவிட்டு நின்றுவிடும். மிஞ்சிய வாயு முன்பக்கமே வெளியேறுவதால் உட்பகுதி சுத்தமாக இருக்கும். ஆனாலும் குழலுக்குள்ளால் திரும்பி வரும் வாயுவை எந்தப் பிஸ்டனாலும் தடுக்க முடியாது. வாயு அளவைக் குறைக்கும் திருகி ஓரளவு உதவும். 2022இல் அமெரிக்க இராணுவம் தெரிவுசெய்த சிக் சோயர் துப்பாக்கியும் குறுகிய பிஸ்டன் வகையே. அதோடு சைலன்சரும் சேர்த்தே வழங்கப்படுகிறது.

அந்தப் புகையில் ஈயமும் காபன் மொனொக்சைட்டும் உண்டு. சைலன்சர் இல்லாத ரைபிளின் வெடிச்சத்தமோ 150 டெசிபலைத் தாண்டும். 140 டெசிபலே காதைக் கெடுக்கப் போதும். வல்லரசுப் படைகள் தமது சிப்பாய்களின் காதுக்காக இவ்வளவு கணக்குப் பார்க்கின்றன. பதுங்குகுழிக்குள் இருந்த எங்கள் காதுகளை யாரும் அளக்கவில்லை. போர் முடிந்த பின்னும் காதுக்குள் இரைச்சல் ஓயாதவர்கள் அதை வயதின் குறையென்று விடாதீர்கள். காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.