மக்காவில் அபினி, மூளையில் பூட்டு

வெயிலின் கொடுமை தணியவும், கவலை மறக்கவும், ஆழ்ந்துறங்கவும் மக்காவாசிகள் சிலர் நாள்தோறும் அபினி உண்டனர். சிறு அளவில் தொடங்கி, உயிரைக் குடிக்கும் அளவுவரை அதனை உயர்த்திச் சென்றனர். 11ஆம் நூற்றாண்டில், தம் இறுதிக் காலத்தில் இயற்றிய மருந்தியல் நூலில் அறிஞர் அல்பீரூனி அவர்கள் இவ்வாறு எழுதி வைத்திருக்கிறார்கள். போதைக்கு அடிமையானவனை 'மனவுறுதி அற்றவன்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நம் வழக்கம். அளவு ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று நாம் கேட்பதில்லை.

விடை மெல்லத்தான் வந்தது. 1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகிய இருவரும், அபினிச் சத்து சென்று பொருந்தும் ஏற்பிகள் மூளையில் இருப்பதைக் காட்டினர். கசகசாச் செடியின் பாலுக்கு மூளையில் பூட்டு எதற்கு? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் மறுமொழி தந்தனர்: அப்பூட்டுக்குரிய சாவியை மூளை தானே செய்துகொள்கிறது. அதற்கு என்கெஃபலின் என்று பெயர். வெளியிலிருந்து அபினி நாளும் வெள்ளமாய் வந்து சேருமாயின், நரம்பணுக்கள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. பழைய அளவு பழைய சுகத்தைத் தருவதில்லை. நிறுத்தினாலோ உடல் வியர்த்து, நடுங்கி, வயிறு கலங்குகிறது. சுகத்திற்காகத் தொடங்கியவன் வதையைத் தவிர்க்கவே உண்ணலாகிறான்.

ஆயினும் இது பாதிக் கதையே. அந்த வதை சில நாட்களில் அடங்கிவிடும், மனம் மறப்பதில்லை. டோபமின் என்னும் பொருள், போதையோடு அதற்கு முன்வரும் இடம், முகம், மணம் ஆகியவற்றையும் மூளையில் பதித்துவிடுகிறது. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் போதை அடிமைகளுக்கென 1935இல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கு ஆப்ரகாம் விக்லர் என்னும் மருத்துவர் ஒரு விந்தையைக் கண்டார். போதையை விட்டு மாதக்கணக்கில் ஆனவர்கள், அதைப்பற்றிப் பேச்செடுத்த அளவிலேயே கொட்டாவி விட்டனர். கண்ணும் மூக்கும் நீர் வடித்தனர்! தெளிந்து வீடு திரும்பியோருள் மிகப் பலர், பழைய தெருவிலேயே மீண்டும் வீழ்ந்தனர்.

1971இல் வியட்நாமிலிருந்து நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் வரலாறு இதற்கு நேர்மாறானது. ஏறக்குறைய ஐவரில் ஒருவர் அங்கே போதைக்கு அடிமையாகியிருந்ததை லீ ராபின்ஸ் என்னும் அம்மையாரின் ஆய்வு காட்டியது. ஆட்சியாளர் அஞ்சினர். ஆனால் அவ்வாறு அடிமைப்பட்டோருள், திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவே. லெக்சிங்டன் நோயாளிக்குப் பழைய தெரு வீட்டு வாசலிலேயே இருந்தது. இவர்களுக்கோ அது கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது.