மனவெழுச்சியின் நிலைக்களன்: யாழ்ப்பாணத்து வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

ஆளுமை, ஊக்கல், மனவெழுச்சி ஆகியன பற்றிய கோட்பாடுகள் யாவும் மேனாட்டு ஆய்வுகூடங்களிலே பிறந்து, மொழிபெயர்ப்பின் வழியாகவே தமிழுக்கு வந்தன என்று கருதுவோர் நம்மிடையே உளர். மெய்ப்பாட்டியலைச் சுட்டிக்காட்டி, அவையெல்லாம் நம்மிடம் முன்னரே இருந்தன எனப் பெருமிதங் கொள்வோரும் உளர். இவ்விரு நிலைப்பாடுகளும் வரலாற்று நோக்கிலிருந்து விலகியவை. மனித உணர்ச்சியை ஒரு சமூகம் எவ்வாறு விளக்குகின்றது என்பது, துயரத்துக்கான பொறுப்பை அச்சமூகம் எங்கே சுமத்துகின்றது என்னும் வினாவிலிருந்து பிரிக்கமுடியாதது. யாழ்ப்பாணத்தின் அநுபவம் இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது.

உடலில் நிகழும் மாற்றங்களை நாம் உணர்வதே மனவெழுச்சி என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884 இல் முன்வைத்தார். டென்மார்க் நாட்டு மருத்துவரான கார்ல் லாங்கே 1885 இல் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார். அந்த 1885 ஆம் ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை உரையுடன் பதிப்பித்தார். மனிதத் தேவைகளைப் படிநிலையாக வகுத்த ஆபிரகாம் மாஸ்லோவின் ஊக்கற் கோட்பாடு 1943 இல் வெளிவந்தது. புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் குறிப்புகளோடு, மெய்ப்பாட்டியலை உள்ளடக்கிய பேராசிரியர் உரைப்பகுதி சுன்னாகம் திருமகள் அழுத்தகத்திலிருந்து வெளிவந்ததும் அதே ஆண்டிலாகும். இப்பொருத்தங்கள் தற்செயலானவை. எனினும் அவை ஒப்புநோக்குக்கு இடந்தருகின்றன.

மெய்ப்பாடும் உடலிலிருந்தே தொடங்குகின்றது. ஆனால் ஜேம்ஸ் கூறும் உடல் ஒருவர் தம்முள்ளே உணரும் உடல். மெய்ப்பாட்டியல் கூறும் உடலோ பிறர் கண்டறியும் உடல். அதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுவதோடு அமையாது, ஒவ்வொன்றுக்கும் நான்காக முப்பத்திரண்டு நிலைக்களன்களை வகுக்கின்றது. அழுகைக்குரியவற்றுள் வறுமையும் இழவும் உள்ளன. அச்சத்துக்குரியவற்றுள் விலங்கோடும் கள்வரோடும் ஒருவரை ஆளும் இறையும் இடம்பெறுகின்றது. வெகுளிக்குரியவற்றுள் குடிக்குக் கேடு சூழ்தலும் கொலையும் உள்ளன. உணர்ச்சியின் காரணம் உள்ளத்துக்கு வெளியே, மனித உறவுகளிலே தேடப்படுகின்றது. மனவெழுச்சியை உடலியக்கமாகச் சுருக்கும் கோட்பாட்டைச் சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி தமது இறுதியாண்டுகளில் விமர்சித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. அப்பணி முற்றுப்பெறுமுன்னரே 1934 இல் அவர் மறைந்தார்.

ஆயினும் மெய்ப்பாட்டியலும் ஒரு வர்க்க சமுதாயத்தின் இலக்கணமே என்பதை மறத்தலாகாது. பெருமிதத்தின் நிலைக்களன்களாகக் கூறப்படுவன கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன. கொடுக்கப் பொருளும் புகழப் புலவரும் இல்லாதோர் எதனாற் பெருமிதங் கொள்வர்? யாழ்ப்பாணச் சாதியமைப்பு இவ்வினாவை நடைமுறையில் எழுப்பியது. பாடசாலையிற் சமமாக அமரும் உரிமையும் கோயிலினுள் நுழையும் உரிமையும் மறுக்கப்பட்ட மக்களின் பணிவு, அவர்தம் இயல்பான குணமாகவே சித்திரிக்கப்பட்டது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் நிலைமை எளிதில் மாறவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அச்சித்திரிப்பைத் தகர்த்தது. அடிப்படைத் தேவைகள் நிறைவுறாதோரே மதிப்புக்காகத் தாக்குதலை எதிர்கொண்டு நின்றனர். மாஸ்லோவின் படிநிலையைக் கொண்டு மட்டும் இதனை விளக்கவியலாது. மனிதசாரம் சமூக உறவுகளின் தொகுதியே என 1845 இல் மார்க்ஸ் கண்ட முடிவின் ஒளியிலேயே இது பொருள் பெறும். இழிவுபடுத்தலே அம்மக்களின் வெகுளிக்கு நிலைக்களனாயிற்று. கூட்டுச் செயற்பாடு புதியதோர் ஆளுமையை உருவாக்கிற்று.

போர்க்காலம் இதே வினாவை வேறு வடிவில் எழுப்பியது. வியட்நாம் போரின் பின்னணியில், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 1980 இல் அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டில் இடம்பெற்றது. அது தனியாளை அலகாகக் கொண்ட வரையறை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் உளப்பாதிப்புகளை ஆராய்ந்து, வடுப்பட்ட மனங்கள் எனப் பொருள்படும் ஆங்கில நூலை 1998 இல் வெளியிட்டார். 2014 இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பு, வடுப்பட்ட சமுதாயங்கள் எனப் பொருள்படுவது. மனங்களிலிருந்து சமுதாயங்களை நோக்கிய இந்நகர்வு வெறும் சொல்மாற்றமன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, சிதைந்தவை தனித்தனி உள்ளங்கள் மட்டுமல்ல; அயல், கோயில், பாடசாலை, தொழில் என்பவற்றாற் பின்னப்பட்ட வாழ்வே சிதைந்தது. உள்ளத்து வேதனையைத் தலையிடியாகவும் நெஞ்சுநோவாகவும் உடல்வலியாகவும் மக்கள் மருத்துவரிடம் முறையிட்டனர். மெய்யிற் பட்டதைக் கண்டறிய மருந்தகம் இருந்தது. நிலைக்களனைக் கண்டறியும் கடமையோ சமூகத்தினுடையது.

இக்கடமை இன்றும் முடிந்துவிடவில்லை. வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 இன் தொடக்கத்திலிருந்து வடக்கிலே தொடர்போராட்டத்தில் இறங்கினர். அத்தாய்மாரின் அழுகையை உளநோயாக மட்டும் வகைப்படுத்தினால், மாத்திரையும் ஆலோசனையுமே அதற்குரிய விடையாகிவிடும். சிகிச்சை தேவைப்படுவோர்க்கு அது கிடைக்கவே வேண்டும்; அதனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் இழவு உறுதிசெய்யப்படாதவிடத்து அழுகை எங்ஙனம் முற்றுப்பெறும்? அவர்கள் கேட்பது ஆறுதலையன்று, பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்கு விடையை. துயரத்தை உள்ளத்துக்குள்ளேயே அடக்கிவைக்கும் கோட்பாடு, அவ்விடையைக் கூறவேண்டிய அதிகாரத்தை விடுவித்துவிடுகின்றது. மெய்ப்பாட்டியலிலிருந்து நாம் இன்று பெறவேண்டியது பழம்பெருமையன்று. கண்ணீரைக் கண்டவிடத்து அதன் நிலைக்களன் யாதெனக் கேட்கும் பழக்கமே அது.