முப்பத்தாறாவது வாக்கெடுப்பு

ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் என்றதும் அந்நாட்டின் இரு பெருங் கட்சிகளே நேயர்களின் நினைவுக்கு வரும். ஆயினும், 1787 ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரிற் கூடி அரசியலமைப்பை வரைந்த பெரியோர் அரசியற் கட்சிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லேனும் எழுதினாரல்லர். கட்சி நாட்டைப் பிளக்கும் நோய் என்றே அவருட் பலர் கருதினர். அந்த மௌனம் பின்னர் நாட்டைப் பெரும் இக்கட்டில் ஆழ்த்தியது.

அவர் வகுத்த முறை எளியது. ஒவ்வொரு மாநிலமும் தேர்வாளர் சிலரை நியமிக்கும். ஒவ்வொரு தேர்வாளரும் இருவேறு மனிதருக்கு இரு வாக்குகள் அளிப்பார். பெரும்பான்மையுடன் முதலிடம் பெறுபவர் சனாதிபதி. அடுத்தவர் உப சனாதிபதி. 1789 இலும் 1792 இலும் தேர்வாளர் யாவரும் ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு வாக்களித்தமையால் இம்முறையின் குறை வெளிப்படவில்லை.

ஆனால் வாஷிங்டனின் அமைச்சரவையிலேயே கட்சிகள் கருக்கொண்டன. வலிமை மிக்க மத்திய அரசை விரும்பிய அலெக்சாண்டர் ஹமில்ரனின் பக்கத்தார் சமஷ்டிக் கட்சியார் எனப்பட்டனர். மாநிலங்களின் உரிமையை வற்புறுத்திய தோமஸ் ஜெபர்சனின் பக்கத்தார் குடியரசுக் கட்சியார் எனப்பட்டனர். இன்று அப்பெயர் தாங்கும் கட்சி 1854 இல் தோன்றிய வேறொன்றாகும். 1796 ஆம் ஆண்டுத் தேர்தலிலே சமஷ்டிக் கட்சியின் ஜோன் அடம்ஸ் 71 வாக்குகளும் ஜெபர்சன் 68 வாக்குகளும் பெற்றனர். எதிரிகள் இருவர் ஒரே நுகத்திற் பூட்டப்பட்டனர்.

1800 ஆம் ஆண்டிலே கட்சிக் கட்டுப்பாடு முற்றியது. குடியரசுக் கட்சித் தேர்வாளர் அனைவரும் ஒரு வாக்கை ஜெபர்சனுக்கும், மற்றதை உப சனாதிபதியாக்க எண்ணிய ஆரன் பேருக்கும் அளித்தனர். இருவரும் 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றனர். அடம்ஸ் 65 வாக்குகளே பெற்றார். வென்ற கட்சி எதுவென நாடு அறிந்தது. சனாதிபதி யாரென அறியவில்லை. பேரும் தாமாக ஒதுங்கினாரல்லர்.

தீர்ப்பு பிரதிநிதிகள் சபையைச் சார்ந்தது. அங்கே 16 மாநிலங்களுக்கும் தலைக்கு ஒரு வாக்கு. வெற்றிக்கு 9 வேண்டும். 1801 பெப்ரவரி 11 ஆம் நாள் வாக்கெடுப்புத் தொடங்கியது. ஜெபர்சனுக்கு 8, பேருக்கு 6. மேரிலண்டும் வெர்மொண்டும் தமக்குள் இருகூறாகி வாக்கிழந்தன. கடுங் காய்ச்சலுற்ற மேரிலண்ட் உறுப்பினர் ஜோசப் நிக்கல்சன் பனியினூடே படுக்கையோடு சுமந்துவரப்பட்டு வாக்களித்தார். அவர் வாராதிருப்பின் மேரிலண்ட் பேரின் பக்கம் சாய்ந்திருக்கும். 35 முறை வாக்கெடுத்தும் முடிவு மாறவில்லை. வெர்ஜீனியா, பென்சில்வேனியா மாநிலங்களிலே குடிப்படையைத் திரட்டும் பேச்சும் எழுந்தது. அடம்ஸின் பதவிக்காலமோ மார்ச்சு 4 ஆம் நாளுக்கு முன் முடிய இருந்தது.

டெலவெயார் மாநிலத்துக்கு ஒரே பிரதிநிதி. அவர் சமஷ்டிக் கட்சியின் ஜேம்ஸ் பேயார்ட். தலைவனின்றி நாடு சிதறுவதினும் எதிர்க்கட்சியின் தலைவன் ஆளுதல் நன்று என அவர் கண்டார். பெப்ரவரி 17 ஆம் நாள் 36 ஆவது வாக்கெடுப்பிலே அவர் எவருக்கும் வாக்களிக்கவில்லை. மேரிலண்ட், வெர்மொண்ட் மாநிலங்களின் சமஷ்டிக் கட்சியாரும் அவ்வாறே ஒதுங்கினர். ஜெபர்சன் 10 மாநிலங்களின் வாக்கைப் பெற்றார். மார்ச்சு 4 ஆம் நாள் விடியுமுன்னரே அடம்ஸ் தலைநகரை விட்டகன்றார். புதியவரின் பதவியேற்பைக் காண அவர் நிற்கவில்லை, தடுக்கவும் முனையவில்லை. ஆட்சி ஒரு கட்சியிடமிருந்து மற்றொன்றுக்குக் குருதி சிந்தாது கைமாறியது.

1804 ஆம் ஆண்டிலே பன்னிரண்டாவது திருத்தம் நிறைவேறியது. சனாதிபதிக்கும் உப சனாதிபதிக்கும் தனித்தனி வாக்கு என அது விதித்தது. கட்சி என்னும் பெயரைக் கூறாமலே கட்சிக்கு அரசியலமைப்பு இடமளித்தது.

விதியின் ஓட்டையைத் திருத்தம் அடைத்தது. ஆயினும் 1801 இல் நாட்டைக் காத்தது விதி மட்டுமன்று. தோல்வியை ஏற்ற உள்ளமுமாகும். 2021 சனவரி 6 ஆம் நாள், தேர்வாளர் வாக்குகளை எண்ணும் வேளையிலே ஒரு கூட்டம் காங்கிரசு மண்டபத்துட் புகுந்தது. எண்ணும் பணி தடைப்பட்டு, மறுநாள் அதிகாலையில் நிறைவுற்றது. வென்றவர் ஆள்வதற்குச் சட்டம் வழி வகுக்கலாம். தோற்றவர் வழிவிடுதல் மனப்பண்பினாலேயே கைகூடும்.