நூற்று மூன்று என்ற எண்

குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எத்தனை இருக்கு?" நூறு என்றால் சிரப், நூற்று மூன்று என்றால் ஆட்டோவைக் கூப்பிடு என்று ஒரு கணக்கு பெற்றோர் மனத்தில் ஓடுகிறது. இந்தக் கணக்கு வீட்டுக்குள் நுழைந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்கு முன் நெற்றியைத் தொட்டார்கள், நாடி பார்த்தார்கள், பிள்ளை பால் குடிக்கிறதா என்று கவனித்தார்கள். எண் வந்ததும் கவனமெல்லாம் அதன் பக்கம் போய்விட்டது. எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதை எண்ணை விடக் குழந்தையின் நிலைதான் சரியாகச் சொல்லும். மருத்துவமே இந்த முடிவுக்கு ஒரு நீண்ட சுற்று சுற்றித்தான் வந்து சேர்ந்தது.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ, உடல் வெப்பத்தை அளக்கும் கண்ணாடிக் குழாயில் அளவுக்கோடுகள் போட்டார். ஆனால் காய்ச்சலுக்கு எண் கொடுத்த பெருமை ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த வுண்டர்லிஷ் என்பவரையே சேரும். சுமார் 25,000 நோயாளிகளிடம் எடுத்த அளவுகளை வைத்து 1868-இல் அவர் எழுதிய நூல்தான் 98.6 டிகிரியை உலகெங்கும் நிலைநிறுத்தியது. அவர் கையாண்ட தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஓரடி நீளக் கருவி. அக்குளில் கால் மணி நேரத்துக்கும் மேல் வைத்திருக்க வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆல்பட் அதை ஆறு அங்குலமாகக் குறுக்கி, ஐந்து நிமிடத்தில் அளவு காட்டும்படி செய்தார். பிற்காலத்தில் அது மருத்துவமனையைத் தாண்டி வீட்டு அலமாரிக்கும் வந்தது. இங்கேதான் ஒன்று நழுவிப்போனது என்பது என் கருத்து. வுண்டர்லிஷ் பார்த்தது ஒற்றை எண்ணை அன்று. நாள்தோறும் ஏறி இறங்கும் காய்ச்சலின் போக்கை. காய்ச்சல் ஓர் அறிகுறி, அதுவே நோயாகாது என்பது அவர் நிலை. வீட்டுக்கு வந்து சேர்ந்ததோ எண் மட்டும்.

எண்ணோடு பயமும் வந்தது. 1980-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட் பெற்றோரிடம் விசாரித்தபோது, மிதமான காய்ச்சலே மூளையைப் பாதித்துவிடும் என்று பலர் நம்புவது தெரிந்தது. சாதாரண தொற்றுக் காய்ச்சல் அப்படிச் செய்வதில்லை. ஜன்னி என்று நாம் நடுங்கும் காய்ச்சல் வலிப்பும் பெரும்பாலும் தழும்பில்லாமல் போய்விடும். ஆனாலும் முதல் வலிப்பு வந்ததும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். எப்படியாவது டிகிரியை இறக்கிவிட வேண்டும் என்ற அவசரம் தீங்கும் செய்திருக்கிறது. ஃப்ளூவோ சின்னம்மையோ கண்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதற்கும், மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே நோய்க்கும் தொடர்பிருப்பது தெரிந்து 1980-களில் எச்சரிக்கை விடப்படும்வரை, ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த மருந்து.

எண்ணிலிருந்து குழந்தையின் நிலைக்குக் கவனம் திரும்பிய மாற்றம், எக்ஸ்ரே வசதி இல்லாத ஊர்களுக்காக நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. 1980-களின் தொடக்கத்தில் பாப்புவா நியூகினியின் கொரோக்காவில் ஃபிராங்க் ஷான் என்ற மருத்துவர், நிமோனியாவைக் கண்டுகொள்ள மூச்சை எண்ணினாலே பெரும்பாலும் போதும் என்று காட்டினார். சட்டையை மேலே தூக்கிவிட்டு, பிள்ளை அழாமல் இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50, அதன்பின் ஐந்து வயதுவரை 40. மூச்சு இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 1990-களில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த முறையில் அபாய அறிகுறிகள் இவை: குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமை, உட்கொண்டதெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத துவண்ட நிலை. இவற்றில் டிகிரி எதுவும் இல்லை.

அப்படியானால் தெர்மாமீட்டரே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், அது சிரித்து விளையாடினாலும் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அந்த வயதில் கடுந்தொற்று வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். பிறந்த பிள்ளையின் உடம்பு சில்லிட்டுப் போவதும் அதே அளவு ஆபத்து. இன்னொரு ஆட்சேபம் கனமானது: கண்ணை நம்பித்தானே, தட்டம்மை கண்ட பிள்ளையை வேப்பிலையில் கிடத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வைத்தியம் பார்க்காமல் பல குடும்பங்கள் இருந்தன? உண்மைதான். தட்டம்மையில் உயிரை வாங்கியது பெரும்பாலும் நிமோனியா. பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிய தாயின் அக்கறையில் குறையில்லை. அந்த மூச்சை எண்ண அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆகவே கண்ணுக்குப் பயிற்சி கொடுப்பதே வழி.

எண்ணை மட்டும் நம்புவது எவ்வளவு ஏமாற்றும் என்பதை இன்று நமக்குக் காட்டுவது டெங்கு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். தெர்மாமீட்டர் 98 காட்டும். "விட்டிருச்சு" என்று வீடே மூச்சுவிடும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அநேகமாக அந்த நேரத்தில்தான். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், காரணமில்லாத சிணுங்கல், சில்லிட்ட கைகால், சிறுநீர் குறைவது ஆகியவற்றைத் தேட வேண்டிய நாள் அது. பிள்ளையின் விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து விட்டால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும்.